கறை படாத துண்டு

பதினெட்டு வருடமாக மற்றவர்கள் துப்பியதைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரசு ஆரோக்கிய நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ரத்தம், மூத்திரம், சளி என்று காலை முழுக்க டப்பா டப்பாவாக வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்டால் ஒளிக்காமல் விவரமாகச் சொல்வேன். அவர் பாயசத்தை மெதுவாகத் தள்ளி வைப்பார். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

இப்போது சொல்லப்போவது என் அண்ணனையும் அவர் மகளையும் பற்றி. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் இருக்கிறாள், இருக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டு ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு கிருமியின் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காசநோய்க் கிருமியைப் பார்க்கிற முறை பழையது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவிட்டு, சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் தீ காட்ட வேண்டும். பிறகு அமிலத்தை விட்டுக் கழுவ வேண்டும். மற்ற கிருமிகளெல்லாம் அநேகமாகச் சாயத்தை விட்டுவிடும். இது விடாது. கடைசியில் நீலம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நீலத்துக்கு நடுவே பொடிப்பொடியாகச் சிவப்புக் குச்சிகள் தெரியும். காரணம் அதன் சுவர். அதில் மெழுகு பூசியிருக்கிறது. சூட்டுக்கு இளகிச் சாயத்தை உள்ளே விடும், ஆறியதும் இறுகிக்கொள்ளும். அந்த மெழுகுதான் அதை நம் உடம்பின் காவலிலிருந்தும் பாதுகாக்கிறது.

அந்த மெழுகைக் கட்டுவதற்குக் கிருமிக்குள் ஒரு நொதி இருக்கிறது. நொதி என்றால் பயப்பட ஒன்றுமில்லை, கிருமி தன் வீட்டு வேலைக்கு வைத்திருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். நீளமான கொழுப்புச் சங்கிலி, இரண்டிரண்டு கண்ணியாக வளரும். ஒவ்வொரு முறையும் கடைசி முடிச்சைப் போடுவது இந்த ஆள். முடிச்சு விழவில்லையென்றால் சங்கிலி நீளாது. சங்கிலி நீளாவிட்டால் மெழுகு கிடையாது, சுவர் நிற்காது, கிருமி செத்துப்போகும். ஐசோனியாசிட் என்கிற மாத்திரை நேராகப் போய் இந்த ஆளின் கையைக் கட்டிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து தூங்கிக்கொண்டேதான் உள்ளே போகும். அதைத் தட்டி எழுப்புவது கிருமியிடமே இருக்கிற இன்னொரு நொதி. தன் குடியைக் கெடுக்க வந்தவனைத் தானே எழுப்பி உட்கார வைக்கிற புத்தி மனிதர்களுக்கு மட்டும்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு இருமல் வந்தது ஒரு தை மாதம். தென்னந்தோப்பும் ஆறு மாடும் வைத்துப் பண்ணையம் பார்க்கிறவர். ஊரில் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு முதல் காப்பு எங்கள் வீட்டுக்குத்தான், அப்பாவுக்குப் பிறகு அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். என் வீடும் அவர் வீடும் ஒரே தோப்பின் இரண்டு முனை. காற்று என் பக்கம் அடித்தால் அவர் இருமுவது எனக்குக் கேட்கும். மூன்று வாரம் கேட்டுவிட்டு ஒரு நாள் டப்பாவை நீட்டினேன்.

"எச்சலைத் துப்பறதுக்கு டப்பாவா? பெரிய ஆபீசர் நீ" என்று சிரித்தார். துப்பிக் கொடுத்தார். சிவப்புக் குச்சிகளை நான்தான் பார்த்தேன்.

சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றி அல்ல. "ஏம்மிணி, பொண்ணு கல்யாணம் என்னாகும்?" என்றார். மகளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் சம்பந்தம் பேசி உறுதி வார்த்தை முடிந்திருந்தது. வைகாசியில் முகூர்த்தம். எங்கள் பக்கம் காசக்காரர் வீடு என்று பேர் விழுந்தால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். பத்து வருடம் முன்னால் ஒரு வீட்டில் அப்படித்தான் நின்றுபோனது. அந்தப் பெண் இன்னும் அங்கேயே இருக்கிறாள், பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் தினமும் பார்க்கிறேன்.

நான் சொன்னேன், "ஒருத்தருக்கும் தெரியாதுங்ணா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். மாத்திரையை வீட்டுக்கு வந்து கொடுத்து விழுங்க வைப்பது ஆஷா என்கிற ஊர்ச் சுகாதாரப் பணியாளரின் வேலை. அவர் ஒரு வீட்டுக்கு மாதம் முழுக்கப் போய்வந்தால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். அதனால் நானே கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் மலையாளத்துப் பெண், சின்ன வயசு, என்மேல் மரியாதை உள்ளவர். சிகிச்சை அட்டையை நிரப்பும்போது, "வீட்டில் வேறெ ஆரொக்கெ உண்டு சேச்சி?" என்று கேட்டார். கூட இருக்கிறவர்களையும் சோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும், அதற்காக யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது. அண்ணி மட்டும்தான், மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்றேன். மகள் படிப்பை முடித்துவிட்டு வந்து இரண்டு மாதமாக வீட்டில்தான் இருந்தாள். அன்று காலையில்கூட எனக்கு இட்லி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

பொய் சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். அதில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. அதைத் தின்றால் மூத்திரம் காவி கலந்த சிவப்பாகப் போகும். வியர்வை, கண்ணீர், எச்சில் எல்லாவற்றிலும் அந்த நிறம் கொஞ்சம் ஏறும். அண்ணன் தோளில் போடுகிற வெள்ளைத் துண்டெல்லாம் ஓரத்தில் பழுப்பேறின. அண்ணி சோப்பை மாற்றி மாற்றித் துவைத்துப் பார்த்தாள். "வெத்தலை போடற பழக்கம்கூட இல்லீங்க இவருக்கு" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். அவளிடம் அண்ணனுக்கு நெஞ்சுச்சளி என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். அவளுக்குக் கொடுத்த தடுப்பு மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொன்னோம். நான் அந்தக் கறையைப் பார்த்து உள்ளூர நிம்மதிப்படுவேன். கறை இருந்தால் மருந்து உள்ளே போகிறது என்று அர்த்தம்.

பங்குனியில் நோம்பி சாட்டினார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டு, அண்ணனுக்கு முதல் காப்பு கட்டினார்கள். மஞ்சள் தோய்த்த கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. காப்பு கையில் ஏறினால் கம்பம் பிடுங்குகிறவரை பதினைந்து நாள் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது, ஒரு வேளைச் சோறு. அதோடு இன்னொன்றும் உண்டு. காப்புக்காரன் உடம்பு அம்மன் பொறுப்பு, அந்த உடம்புக்கு மருந்து மாத்திரை கொடுப்பது அவளை நம்பாதது மாதிரி. அப்பா ஒரு முறை காப்போடு இருந்தபோது காலில் ஆணி குத்தி வீங்கியும் ஊசி போட மாட்டேன் என்றுவிட்டார். நான் அதே வீட்டில் வளர்ந்தவள். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது.

"பதினஞ்சு நாளைக்கு மட்டும் விடறனே அம்மிணி" என்று அண்ணன் கேட்டார்.

"ஒரு நாள்கூட விடக் கூடாதுங்ணா. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. நானே கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

சிரித்தார். சரி என்றார். நோம்பி வேலையில் காலை நேரத்தில் அவரைப் பிடிக்க முடியவில்லை, கோயிலில்தான் கிடந்தார். அதனால் மாத்திரை அட்டையை மொத்தமாகக் கையில் கொடுத்து, தின்ற பிறகு காலி அட்டையைக் காட்டச் சொன்னேன். நாள் தவறாமல் காலி அட்டை வந்தது. நான் நாள் தவறாமல் சிகிச்சை அட்டைக் கட்டத்தில் குறித்தேன்.

அந்தப் பதினைந்து நாளும் அவர் மாத்திரையைத் தின்னவில்லை என்று பிறகு தெரிந்தது, அதற்கு அம்மன் மட்டும் காரணமில்லை. கம்பத்தைச் சுற்றி ஆடிவிட்டு நாலு ஆம்பளைகள் வரப்போரம் ஒன்றாக ஒதுங்குவார்கள். ஒருத்தன் தற்செயலாகக் குனிந்து பார்த்தால் போதும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சிவப்பாக மூத்திரம் போகிறவனின் மகளை யார் கட்டுவார்கள் என்று அவர் கணக்கு ஓடியிருக்கிறது. கம்பம் பிடுங்கிய பிறகும், கல்யாண வேலையாகச் சொந்தபந்தம், ஒறம்பரைகளோடு ஊர் ஊராகப் போகும் நாளில் மாத்திரையை விட்டிருக்கிறார். வீட்டில் இருக்கும் நாளில் தின்றிருக்கிறார். இருமல் நின்றுவிட்டது, உடம்பும் தேறியது. அவருக்கு அது போதுமான சாட்சியாக இருந்தது.

வைகாசி முகூர்த்தம். மண்டபம் நிறைய ஆள். தாரை வார்க்கும்போது அண்ணன் அழுதார். சத்தமில்லாமல், தாரை தாரையாக. பக்கத்தில் நின்ற நான் அவர் தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணையும் முகத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அதை மடிக்கப் போனேன்.

துண்டு நனைந்திருந்தது. ஆனால் வெள்ளையாக இருந்தது.

இரண்டாவது முறை விரித்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பழக்கம், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வரிசையாகப் பார்த்தேன். ஒரு பொட்டு நிறம் இல்லை. நாதஸ்வரம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. மகள் தலையைக் குனிந்து தாலி வாங்கிக்கொண்டாள். நான் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அட்சதை போட்டேன்.

அன்றைக்குக் கேட்டிருக்கலாம். முகூர்த்த நேரத்தில் என்ன கேட்பது என்று விட்டேன். மறுநாள் மறுவீட்டு விருந்து. அதற்கடுத்த நாள் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் மாட்டுக் கட்டுத்தரையில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"தின்னுட்டுத்தான அம்மிணி இருக்கறேன். அட்டை தர்றனல்லோ?" என்றார், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

ஒரு டப்பாவில் மூத்திரம் பிடித்துக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கிறவள் நான். கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் ஆஷா வீட்டுக்கு வருவார், நான் எழுதிய பொய்யெல்லாம் வெளியே வரும். புதுச் சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போகும். காலி அட்டையை வாங்கிக்கொண்டு வந்து அன்றைய கட்டத்தில் குறித்தேன்.

ஐப்பசியில் அண்ணனுக்கு மறுபடி இருமல் வந்தது. மகள் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வந்தாள். மாப்பிள்ளை இரண்டு நாளில் திரும்பிப் போனார். அவள் மட்டும் அப்பா மெலிந்துபோனதைப் பார்த்து மூன்று வாரம் தங்கினாள். அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, முதுகைத் தடவி, அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். மழையென்று சன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் சன்னலைத் திறந்துவிட்டு வருவேன். எதற்கு என்று அவள் கேட்டாள். காற்று நல்லது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த முறை அண்ணனின் சளி பெரிய லேபுக்குப் போனது. தாள் திரும்பி வந்தது. ரிஃபாம்பிசின் கேட்காது என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரியில், மெழுகுக்கு முடிச்சுப் போடுகிற அந்த நொதியின் பெயர், ஐ.என்.எச்.ஏ. என்று நான்கே எழுத்து, பக்கத்தில் மாற்றம் காணப்படுகிறது என்ற குறிப்பு. பாடத்தில் படித்த பெயர் என் வீட்டுக்கு வந்து நின்றது.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு கொஞ்சம் மாறிப் பிறக்கும். அவை அந்த நொதியை வழக்கத்தைவிட அதிகமாகச் செய்துகொள்ளும். ஒரு கொத்தனாரின் கையைக் கட்டினால் பத்துக் கொத்தனாரை இறக்குவது மாதிரி. மாத்திரை எத்தனை கையைத்தான் கட்டும்? சுவர் எழும்பிக்கொண்டே இருக்கும். நான்கு மருந்தும் தினமும் சேர்ந்து போனால் அந்த ஒன்றிரண்டும் தப்பாது. விட்டு விட்டுத் தின்றால் பலவீனமானது சாகும், மாறியது மட்டும் மிஞ்சிப் பெருகும். எந்தக் கிருமி பிழைக்க வேண்டும் என்று அண்ணன் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் பக்கத்தில் நின்று கட்டத்தில் குறி போட்டிருக்கிறேன்.

புது மருந்து தொடங்கினார்கள். அதற்குள் நுரையீரலில் பாதி பொத்தலாகிவிட்டது. அடுத்த மாசியில், மறு நோம்பி சாட்டுவதற்கு முன்னால், ஒரு பகல் நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரத்தமாகக் கக்கினார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், காப்பு கட்டுகிற இடத்தில். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. ஊருக்கு நிமோனியா என்று சொன்னோம். மகளுக்கும் அதையேதான் சொன்னோம்.

காரியம் முடிந்து கட்டுத்தரையைச் சுத்தம் செய்தபோது, பரணில் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை அண்ணி எடுத்துக் கொடுத்தாள். "இதென்னங்க, மாட்டு மருந்துங்களா?" என்றாள். உள்ளே செங்கல் நிறத்தில் மாத்திரைகள், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய். ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, எனக்குக் காலி அட்டையைக் கொடுத்திருக்கிறார். எறியவும் மனசு வரவில்லை போலிருக்கிறது. ஆமாம், மாட்டு மருந்து என்றேன். அதை எண்ணிப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

ஆடி மாதம் மகள் வந்தாள். ஐந்தாவது மாதம் முழுகாமல் இருந்தாள். வயிறு மட்டும் வளர்ந்து, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. மசக்கை என்று அங்கே எல்லாரும் விட்டுவிட்டார்கள். வந்து பத்து நிமிடத்தில் மூன்று முறை இருமினாள். அந்த இருமலை எனக்குத் தெரியும். தோப்பின் மறுமுனையிலிருந்து கேட்டுப் பழகியது.

இந்த முறை ஒன்றையும் ஒளிக்கவில்லை. மறுநாள் காலையில் என்னோடு ஆரோக்கிய நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். டப்பா கொடுத்தேன். தகட்டில் தடவினேன், சாயம் ஊற்றினேன், தீ காட்டினேன். அமிலம் விடும்போது கழுவிக்கொண்டு போய்விடு என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு போகவில்லை. மத்தியானம், மருந்து கேட்குமா என்று பார்க்க எங்கள் லேபுக்குப் புதிதாக வந்திருந்த மெஷினில் வைத்தேன். ரிஃபாம்பிசின் கேட்காது என்று வந்தது. அந்த நொதியைப் பற்றிய வரி வெளியிலிருந்து வர இன்னும் சில நாள் ஆகும். வராமலே எனக்குத் தெரியும், அது அண்ணன் வளர்த்த கிருமி.

மருத்துவர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஸ்டல் என்று சொன்னது, கட்டத்தில் குறி போட்டது, எல்லாம். ஆரம்பத்திலேயே மகள் பேர் பட்டியலில் இருந்திருந்தால் அண்ணனுக்கு இரண்டாம் முறை இருமல் வந்தபோதே அவளைக் கூப்பிட்டுச் சொல்லி, அந்த அறையிலிருந்து விலக்கியிருப்பார்கள். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். பிறகு, இந்த மருந்துகளில் சிலது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, எதைக் கொடுப்பது என்று பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடிவு செய்ய வேண்டும், தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள், உறுதி சொல்ல முடியாது என்றார். என் பேரில் மேலே எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

மகள் வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். காசம் என்றேன். சாதாரண மாத்திரை கேட்காத காசம் என்றேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"அப்பாவுக்கும் இதானுங்களா அத்தை? நிமோனியா இல்லீங்களா?"

"இதான் கண்ணு."

"அப்பா மாத்திரை சாப்பிடலீங்களா?"

"நடுவுல விட்டுட்டாரு."

ரோட்டில் தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று செக்போஸ்ட் பக்கம் போனது.

"அது உங்களுக்கு எப்பங்க அத்தை தெரியும்?"

பொய் சொல்ல நாக்கு ஒரு முறை புரண்டது, பழக்க தோஷம். பிறகு சொன்னேன்.

"உன்ற முகூர்த்தத்தன்னிக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன். அவள் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கழுத்துக்கு இறங்கியிருந்த மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பெஞ்சில் கையூன்றி மெதுவாக எழுந்து, மறு கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். கோபத்தில்தான் தள்ளிப் போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்து பக்கத்தில் போகப் பார்த்தேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதீங்க அத்தை" என்றாள். "உங்களுக்கு ஒட்டிக்கும்."